ஓரகத்தியின் குரல்

அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பெரிய மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று அறிவிக்கிற வேலை. மற்றவர்கள் அதை ஒரு வேலையாகவே நினைக்க மாட்டார்கள். அவளுக்கோ பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக் பிடித்த நாளிலிருந்து மனசு அதிலேயே கிடந்தது. துணிக்கடையில் பில் போடும்போது "அடுத்தவங்க வாங்க" என்பதைக்கூட இழுத்துக் குழைத்துத்தான் சொல்வாள். அவள் குரல் தேன் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

தேர்வுக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் ஓரகத்தியைத் துணைக்கு அழைத்துப் போனாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது அதுதான்.

கொழுந்தன் மனைவியான அந்தச் சின்னவள் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவள் தொண்டை தகரமாகிப் போயிருந்தது. வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அங்கிருந்த குமாஸ்தா, "நீங்களும் எட்டாவது தாண்டியிருப்பீங்க இல்ல? வந்தது வந்தீங்க, படிச்சுட்டுப் போங்களேன்" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு தாள். கேட்பதற்கு எதிரே யாருமே இல்லை. பெரியவள் உருகி உருகிப் படித்தாள். சின்னவள், அடுப்படியிலிருந்து புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி படித்துவிட்டு எழுந்து வந்தாள். திரும்பி வரும் வழியில், "பயந்துட்டியா? பரவாயில்ல விடு" என்று பெரியவள்தான் ஆறுதல் சொன்னாள்.

மறுவாரம் வேலை சின்னவளுக்குக் கிடைத்தது.

வீட்டில் ஒரே கும்மாளம். பெரியவள், "ரொம்ப சந்தோஷம்டி" என்று சொல்லி இனிப்பை வாயில் போட்டாள். அதை மெல்லாமலே விழுங்கினாள். அவள் முகத்தைப் பார்த்த புருஷன், "உனக்கென்ன, கடை இருக்கே. அவளும் நாலு காசு பாக்கட்டுமே" என்றான். அவனை அன்றைக்கு அவள் பார்த்த பார்வையில் பச்சை மரமே பற்றியிருக்கும்.

துணிக்கடைக்குப் போக பேருந்து நிலையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். 'வடக்கு வழி வண்டி. நாலாம் மேடை. இப்போ புறப்படுது' என்று அந்தத் தகரக் குரல் தலைக்கு மேலிருந்து கொட்டும். சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போனாள். அங்கேயும் துரத்தி வந்தது. கடையில் கூட வேலை பார்ப்பவள் ஒருநாள், "புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு பாரேன், காதில அடிச்ச மாதிரி சொல்றா. இப்பல்லாம் நான் வண்டியை விடறதே இல்ல" என்றாள். அது என் ஓரகத்தி என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மழைநாளில் சின்னவள் தப்பாக அறிவித்தாள். ஏழாம் மேடைக்கு வந்த வண்டியை இரண்டாம் மேடை என்று சொல்லிவிட்டாள். பெட்டியும் பிள்ளையுமாக ஒரு கூட்டமே அந்தக் கோடிக்கு ஓடி, அங்கே வண்டி இல்லாமல் திரும்பி ஓடி வந்தது. நடுவே நின்ற பெரியவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. குடையை மடக்கினாள். நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"என்ன சார் ஆளை வெச்சிருக்கீங்க? வயசானவங்க வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு?"

மேலாளர் அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க தேர்வுக்கு வந்தவங்கதானே? கொஞ்சம் வாங்க."

கடைசி மேடைக்கு அழைத்துப் போய், உறுமிக்கொண்டிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினார். மேலே சின்னவள் தன் தப்பைத் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துகூடச் சிதறாமல் காதில் விழுந்தது.

"அன்னிக்கு நான் இங்க நின்னுதான் கேட்டேன்மா. உங்க குரல் நல்ல குரல்தான். ஆனா ஒவ்வொரு வார்த்தையோட வாலையும் முழுங்கிடுறீங்க. எட்டா ஏழான்னு எனக்கே புரியல. தப்பா சொன்னா திருத்திக்கலாம். கேக்கவே இல்லன்னா என்ன பண்றது?" அப்புறம், "சாயங்காலத்துக்கு இன்னொரு ஆள் எடுக்கப் போறோம். சரி பண்ணிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னவள் வழிமறித்தாள்.

"புகார் குடுத்தது நீங்கதானேக்கா?"

பெரியவளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா. நான்தான். பொறாமை தாங்கல. போதுமா? அது எனக்கு வரவேண்டிய வேலைடி."

"உங்களுக்கு மட்டும்தான் பொறாமை வருமா?" சின்னவள் விடவில்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல அத்தை என்ன சொன்னாங்க? பெரியவ பேசினா தேன், சின்னவ பேசினா தகர டப்பான்னு. எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களும்தான். அதுலேருந்து நாலு பேர் முன்னாடி நான் வாயைத் திறந்ததே இல்ல. இந்த டப்பாவை ஊரே கேக்குதுங்கறது எனக்கு எப்படி இருக்கு தெரியுமா?"

பெரியவள் ஈரக் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு கேட்டேவிட்டாள்: "அந்தக் கடைசி எழுத்தை முழுங்காம எப்படிடி சொல்ற?"

"சொல்லித் தர மாட்டேன். நீங்க கத்துக்கிட்டா அப்புறம் என்னை யார் சீண்டுவா?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பெரியவள் சந்தை வழியாகச் சுற்றவில்லை. கடை விட்டதும் கடைசி மேடையில் போய் நின்றுகொண்டு, திருடன் பூட்டைப் பார்ப்பதுபோல் ஓரகத்தியின் குரலைக் கேட்டாள். எங்கே மூச்சு விடுகிறாள், எங்கே நிறுத்துகிறாள், எண்ணைச் சொல்லுமுன் எப்படி ஒரு இடைவெளி விடுகிறாள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகினாள். மாமியார், "இவளுக்கு என்ன ஆச்சு, தேன் புளிச்சுப் போச்சா?" என்றாள். பெரியவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இழுப்பும் குழைவும் போகப் போக, ஒரு நகையைக் கழற்றி வைத்த மாதிரி மனசு வலிக்கத்தான் செய்தது.

இரண்டாம் தேர்வில் குழைவே இல்லாமல் படித்தாள். மேலாளர் கடைசி மேடையிலிருந்து மழைக்கோட்டோடு நடந்து வந்து, "ஏழு ஏழாவே கேட்டுச்சு. ஒண்ணாம் தேதி வந்துடுங்க" என்றார். துணிக்கடையில் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது அழுதுவிட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் சின்னவள் நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டாள். "பொத்தானை அழுத்தினதும் பேசாதீங்க. கொஞ்சம் விட்டுப் பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். பெரியவள் அத்தனை வருட ஆசையையும் ஒரு மூச்சாக இழுத்துக்கொண்டு, தெற்கு வழி வண்டியை அறிவித்தாள். கீழே ஜனங்கள் அவள் சொன்ன மேடைக்கு நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சின்னவளைத் தேடினாள்.

"இருந்து கேட்டியா?"

"கேட்டேன்." சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா? உன் அளவுக்குக் கேட்டுச்சா, அதைச் சொல்லேன்டி!"

"கேட்டுச்சுக்கா," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னாள் சின்னவள். அந்த முகத்தைப் பார்த்ததும் பெரியவளுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.