கையால் சுழன்ற ரேடார்

படையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'திருகாணி' என்றால்தான் தெரியும். மலையுச்சி விமானத்தளத்தில் ரேடாரைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைமை மெக்கானிக். ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

புயல் அடித்து ஓய்ந்த காலையில், ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டார் புகைந்து நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கம்பிச்சுருள் மொத்தமும் கரிக்கட்டை. மாற்று மோட்டார் சமவெளியிலிருந்த தலைமைப் பணிமனையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறியவன் அவளுடைய தம்பி. அவனும் படையில் ரேடார் மெக்கானிக்தான். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைச் சேர்ந்து பிரித்துப்போட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் சேர்ந்தே அடிவாங்கிய ஜோடி.

விமானம் மலையை நெருங்கும்போது மூடுபனி தளத்தை மூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே சமவெளியிலும் அதே கதி. இறங்க வேறு இடமில்லை; எரிபொருளும் குறைந்துகொண்டிருந்தது. ரேடார் வழிகாட்டினால் இறங்கலாம். ஆனால் ரேடாருக்கு வேண்டிய மோட்டாரோ அந்த விமானத்துக்குள்ளேயே இருந்தது.

திருகாணி சும்மா இருக்கவில்லை. ஆன்டெனாவின் அடிப்பீட அறையில், பராமரிப்பு வேலையின்போது அதைக் கையால் திருப்ப ஒரு கைப்பிடி உண்டு. அதைச் செருகினால் பாதுகாப்புக்காக ரேடார் தானே அணைந்துவிடும். அந்தத் தடையை நீக்க அனுமதி கேட்டு அவள் தளபதியிடம் ஓடினாள். அறைக்குள் நிற்பவர்கள்மேல் அலை படாது, முழுச் சுற்றும் வேண்டாம், விமானம் வரும் பக்கமாக மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பினால் போதும் என்று விளக்கினாள்.

"செய்ம்மா. ஏதாவது ஆனா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் தளபதி.

ரேடார் அணையாதபடி இணைப்பை மாற்றிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். புயற்காற்றின் மிச்சம் ஆன்டெனாவை எதிர்த்துத் தள்ளியது. தனியாளால் ஆகிற காரியமில்லை. காவலர் வந்து தோள்கொடுத்தார். அவர் களைத்ததும் சமையற்காரர் மாவுக்கையோடு வந்து நின்றார். வாடா வா என்று மாடு ஓட்டுகிறவர்போல அவர் ஆன்டெனாவை அதட்டியதில், அந்த நிலையிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

"தெரியுது!" கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபெருக்கியில் குரல் வந்தது. "புள்ளி தெரியுது. அப்படியே விடாம திருப்புங்க."

விமானியின் வானொலியில் தம்பியும் நுழைந்தான்; கட்டுப்பாட்டு அறை அதைப் பீட அறைக்கு இணைத்துக் கொடுத்தது. "அக்கா, மோட்டார் என் மடியில இருக்கு. ரேடார் எப்படிக்கா ஓடுது?"

"கையால சுத்துறோம்டா. பேசாம பெல்ட்டைப் போட்டுக்கிட்டு உக்காரு."

உள்ளங்கை கொப்பளித்து உரிந்தது. அவள் விடவில்லை. கட்டுப்பாட்டு அறை இடம், வலம், உயரம் என்று சொல்லச் சொல்ல, கண்ணுக்குத் தெரியாத அந்த விமானம் பனிக்குள் படிப்படியாக இறங்கியது. கடைசியில் ஓடுபாதைப் பக்கம் சக்கரங்கள் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது.

"எறங்கியாச்சு" என்றது ஒலிபெருக்கி.

சமையற்காரர் காவலரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். தளமே கைதட்டியது. திருகாணி தலைநிமிர்ந்து ஓடுபாதைக்கு நடந்தாள். மோட்டார் பெட்டியோடு இறங்கிவந்த தம்பி அவள் கையைப் பார்த்ததும், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைக்குட்டையை அதில் சுற்றினான். தளபதி எல்லோர் முன்னிலையிலும் அவளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். பதில் சல்யூட் வைத்தவள், தம்பியின் முதுகில் செல்லமாக ஒன்று போட்டாள்.

"வாடா, மோட்டாரை மாட்டுவோம். இந்தத் தடவை திரும்பப் பூட்டத் தெரியும்."