ஒற்றை நூல் பாவாடை

நாட்டியக்காரி செலீன் வோதியே அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதை உடுப்பறைக்காரி ஒதில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டே வரிகள். படிகாரத்தில் தோய்த்த பாவாடையை அணிய எனக்குச் சம்மதமில்லை, ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது. மை காய்வதற்குள் செலீனின் அம்மா மதாம் வோதியே தாளை ஊதி, மடித்து, தியேட்டர் மேனேஜரின் ஆளிடம் நீட்டினாள்.

"இதோட இந்தப் பேச்சு முடிஞ்சுது," என்றாள், ஒதிலைப் பார்த்து. "படிகாரத்துல முக்கின துணி ஒரு வாரத்துப் பழைய ரொட்டி மாதிரி விறைச்சு நிக்குது. நிறமும் அதேதான். என் பொண்ணு பாரிஸ் முன்னாடி முதல் தடவையா நாயகியா ஆடப்போறா. ரொட்டிக்கடை விளம்பரத்துக்குப் போகலை."

ஒதில் பெர்ஷே பதினாறு வருடமாக அந்தத் தியேட்டரின் உடுப்பறையில் இருக்கிறாள். ஊசியும் கொக்கியும் அவள் பொறுப்பு. காஸ் விளக்கில் துணி பற்றி நாட்டியக்காரிகள் செத்த பிறகு, பாவாடைகளைப் படிகாரத் தண்ணீரில் தோய்க்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. தோய்த்த துணி கருகும், தீப்பிடிக்காது. ஆனால் பெண்கள் அதைத் தொடக்கூட மறுத்தார்கள். கையெழுத்துப் போட்டால் கட்டாயப்படுத்த ஆளில்லை.

மூன்று வருடத்துக்கு முன் லூயிசோன் என்கிற பெண்ணும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு உடுப்பு மாட்டியது ஒதில். இடுப்பில் பதினெட்டுக் கொக்கி. தீப்பிடித்தபோது கழற்ற ஓடியதும் அதே ஒதில்தான். ஐந்தாவது கொக்கியோடு எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தப் பாலேயில் மேல் பாவாடையைத் தோய்க்கவே முடியாது. அது ஒதிலுக்கும் தெரியும். நடன மாஸ்டர் தொர்சினி முழு ஆட்டத்தையும் அந்தத் துணியின் மீதுதான் கட்டியிருந்தார். ஆற்று மூடுபனியின் மகளாகச் செலீன் கடைசியில் ஒரு தாவு தாவுவாள். கால் தரையைத் தொடும். மேல் பாவாடையின் வலைத்துணி மட்டும் காற்றிலேயே நின்று, இரண்டு எண்ணிக்கை கழித்து மெதுவாக இறங்கும். அதுவரை அறுபது வாத்தியமும் மூச்சு விடாது. தோய்த்த துணி அவளோடு சேர்ந்து தொப்பென்று விழும்.

அதனால் ஒதில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு காரியம் செய்திருந்தாள். வெளியே தெரியாத ஆறு உள்பாவாடைகளையும் படிகாரத்தில் தோய்த்து, காயவைத்து, விறைப்புப் போகக் கையாலேயே கசக்கினாள். பிறகு மேல் பாவாடையின் கொக்கிகளைப் பிரித்தெடுத்துவிட்டு, ஒரே ஒரு பட்டு நூலால் ஓட்டுத்தையல் போட்டு இடுப்போடு பிடித்துவைத்தாள். நூலின் முனை இடுப்புப் பட்டியின் பின்பக்கம் ஒளிந்திருந்தது. ஒரு இழுப்பு, பாவாடை தரையில்.

மேடையில் அது தானாக அறுந்தால்? இன்றைக்கு உடுப்போடு கடைசி ஒத்திகை. நாலு பத்திரிகைக்காரர்களும் ஒரு மந்திரியின் மனைவியும் முன்வரிசையில் இருந்தார்கள். பழுப்பேறிய உள்பாவாடையோடு செலீன் நின்றால் பாரிஸே சிரிக்கும். ஒதிலுக்கு எந்தத் தியேட்டரிலும் ஊசி பிடிக்க இடம் கிடைக்காது.

பகல் இரண்டு மணி. உடுப்பறையில் செலீன் இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"ஒதில், இன்னிக்கு என்ன இவ்வளவு கனம்?"

"கஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு, மத்மாசெல். நவம்பர் மழை, துணி சரியா காயலை."

மதாம் வோதியே குனிந்து உள்பாவாடையின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். ஒதில் வாயிலிருந்த குண்டூசிகளைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சோப்பு மட்டமா இருக்கு," என்று சொல்லிவிட்டு மதாம் துணியை விட்டாள்.

அதே நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தொர்சினி வந்தார்.

"செலீன், ஒரு மாற்றம். இரண்டாவது அங்கத்துல நீ வந்ததும் உன்கூட ஆடுற வில்ஃப்ரீத் உன் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி ரெண்டு சுத்து சுத்துவான்."

ஒதில் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "எந்த இடத்துல பிடிப்பார், முசியே?"

"இடுப்புல. வேற எங்க, காதுலயா பிடிப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒதிலும் சிரித்தாள்.

இரண்டாவது அங்கம். ஒதில் பக்கத்திரை ஓரத்தில் ஒண்டிக்கொண்டு பார்த்தாள். வில்ஃப்ரீத்தின் கட்டைவிரல்கள் சரியாகத் தையலின் மேல் அழுந்தின. ஒரு சுற்று. நூல் தாங்கியது. இரண்டாவது சுற்றில் இடுப்புப் பட்டிக்கும் பாவாடைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. வில்ஃப்ரீத் அவளை இறக்கினான். பாவாடை இறங்கவில்லை. ஆனால் அடுத்த தாவலுக்குத் தாங்காது.

செலீன் மூச்சு வாங்கியபடி பக்கத்திரைக்குள் வந்தாள். கடைசித் தாவலுக்கு இன்னும் இரண்டு நிமிடம். ஒதில் ஊசியோடு பாய்ந்தாள்.

"தள்ளு," என்று மதாம் வோதியே குறுக்கே கையை நீட்டினாள். "இப்ப ஊசியா? துணி இழுபடும்."

"ஒரே ஒரு தையல், மதாம்."

"காலையிலேயே போட்டிருக்கணும். உனக்குச் சம்பளம் எதுக்கு?"

"அம்மா, கால் நடுங்குது. உட்காரணும்," என்றாள் செலீன்.

பெஞ்சு அங்கேதான் இருந்தது. அதன் பின்னால் காஸ் விளக்குத் தூண். மேடையில் விழுகிற நிலா வெளிச்சம் மங்குகிறது என்று தொர்சினி அன்று காலைதான் அதன் கம்பிக்கூண்டைக் கழற்றச் சொல்லியிருந்தார்.

பாலே ஆடுகிற எந்தப் பெண்ணும் பாவாடையின் மேல் உட்காரமாட்டாள். கசங்கிவிடும். இரண்டு கையாலும் பின்பக்கத்தை அள்ளி, தலைக்கு மேல் வீசி விரித்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆறு வயதில் பழகிய கை, யோசிக்காது. மகள் ஒரு பக்கம் அள்ள, அம்மா மறுபக்கம் அள்ளினாள்.

"வேண்டாம்," என்றாள் ஒதில்.

வலைத்துணி காற்றை அடித்துக்கொண்டு எழும்பியது. காஸ் சுடர் அந்தக் காற்றோடு சாய்ந்து வந்து துணியின் ஓரத்தைத் தொட்டது.

சத்தமே இல்லை. முதலில் ஒரு வெளிச்சம்தான். அடுத்த கணம் செலீனின் முதுகுக்குப் பின்னால் ஆளுயரத் தீ.

அவள் ஓடப்பார்த்தாள். ஓடினால் முடிந்தது. ஒதில் அவள் இடுப்புப் பட்டியைப் பிடித்து நிறுத்தி, நூல் முனையைத் தேடினாள். இல்லை. வில்ஃப்ரீத் சுற்றிய சுற்றில் முனை உள்ளே போயிருந்தது. கண்ணுக்குள் லூயிசோனின் ஐந்தாவது கொக்கி. விரல் சுட்டது. தடவிக்கொண்டே போன விரல் பட்டென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. அந்த ஒரு விரல் இடைவெளி. உள்ளே இறுகி நின்றது நூல். கொக்கி மாதிரி விரலை வளைத்து இழுத்தாள்.

மேல் பாவாடை முழுவதும் நெருப்பு வளையமாகத் தரையில் விழுந்தது. ஒதில் செலீனை அப்படியே அணைத்துத் தூக்கி வளையத்துக்கு வெளியே எறிந்தாள். பக்கத்திரையில் காவலுக்கு நிற்கிற தீயணைப்புக்காரன் நனைந்த கம்பளியை வளையத்தின் மேல் போட்டு மிதித்தான்.

செலீன் குனிந்து பார்த்தாள். உள்பாவாடைகளின் ஓரம் கறுத்திருந்தது. ஒன்றுகூடப் பற்றவில்லை.

"இது படிகாரம்," என்றாள்.

"ஆமா."

"ஆறு பாவாடையுமா?"

"ஆறும்."

மேடையில் அவளுக்கான இசை தொடங்கிவிட்டது. மேடைக்கு முன்னால் நின்ற தொர்சினிக்கு எதுவும் தெரியாது. செலீன் அம்மாவைப் பார்த்தாள். மதாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செலீன் கருகிய ஓரத்தோடு மேடைக்கு ஓடினாள்.

தாவினாள். இறங்கினாள். உள்பாவாடைகளும் கூடவே இறங்கிவிட்டன. வாத்தியங்கள் நின்றன. இறங்குவதற்கு எதுவுமில்லாத அந்த இரண்டு எண்ணிக்கையில் கருகல் வாடை மட்டும் முன்வரிசைக்குப் போனது. யாரோ இருமினார்கள்.

திரை விழுந்ததும் தொர்சினி பாய்ந்து வந்தார். "என் பாவாடை எங்க?"

ஒதில் கம்பளியைக் காட்டினாள். அவர் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். தூணைப் பார்த்தார். கூண்டில்லாத சுடர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ரெண்டு எண்ணிக்கையை எடுத்துடறேன்," என்றார் மெல்ல. "எல்லாத்தையும் தோய்ச்சுடுங்க."

"எடுக்க வேண்டாம்," என்றாள் செலீன். "தாவினப்ப எனக்கே தெரிஞ்சுது. அது இல்லாம இந்த ஆட்டம் இல்ல. நாளன்னிக்கு முதல் ஆட்டத்துல மேல் பாவாடை இருக்கும். தோய்க்காததுதான். நீங்க கூண்டை மாட்டச் சொல்லுங்க, முசியே."

பிறகு ஒதிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நூல் முனையை வலப்பக்கம் வை. வெளியே தொங்கட்டும். என் கைக்கு எட்டணும்."

ஒதில் பைக்குள்ளிருந்து ஊசியை எடுத்தாள். விரல்கள் கொப்பளித்திருந்தன, நூல் ஊசிக் காதுக்குள் நுழையவில்லை. இரண்டு முறை தவறியது. மதாம் வோதியே சுவரை விட்டு வந்தாள். ஒதிலின் கையிலிருந்து ஊசியை வாங்கி, நூல் நுனியை எச்சிலால் நனைத்து, கோர்த்து, திருப்பிக் கொடுத்தாள்.