கடலூர்ச் சமையலறையில் ஓடிய சிதம்பரம் டாக்சி

1963 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, சிதம்பரம் கீழவீதியில் நின்றிருந்த, டிரைவர் வைத்திலிங்கம் ஓட்டும் கறுப்பு மாரிஸ் டாக்சி, ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் உரிந்து வெறும் தகரமாயிற்று. அன்று கத்தரிக்காய் விலை ஏறியிருந்ததால் ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மறுநாள் வண்டி கிளிப்பச்சை ஆயிற்று. பானெட்டில் வடக்கயிறு தடிமனுக்கு ஒரு தலைமயிர் பெயிண்டோடு ஒட்டிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் வாசம் வேறு. கூரையில் முறம் அகலத்துக்கு ஒரு கட்டைவிரல் ரேகை. இதையெல்லாம் வைத்திலிங்கம் பொறுத்துக்கொண்டார். ஞாயிறு காலையில் முன்கண்ணாடியில் 'ஸ்ரீ பாடலீஸ்வரர் துணை' என்று எழுத்து முளைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நடராசர் ஊரில், தேரடிக்குப் பக்கத்தில், கடலூர்ச் சாமி பேரைப் போட்டுக்கொண்டு நிற்கும் டாக்சியில் எவன் ஏறுவான்? நானும் ஏறவில்லை. பக்தி ஒரு காரணம். நடந்து போனால் செலவில்லை என்பது மற்றொன்று. திங்களன்று எஞ்சினும் செத்தது. அதற்குக் கடலூர் பொறுப்பில்லை, வயதுதான்.

கடலூர் முதுநகரில், துறைமுகக் குமாஸ்தா காசிநாதன் வீட்டில் நடந்தது இவ்வளவே: கப்பல்காரர் ஒருவர் கொடுத்த உள்ளங்கை அளவு இரும்புப் பொம்மைக் காரை அவர் காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டுப் பழைய பெயிண்டை உரித்தார். அடித்தட்டின் ரிவிட்டுகளை அரத்தால் ராவிக் கழற்றினார். மனைவி புஷ்பவள்ளியின் சீப்பில் சிக்கிய முடியைக் கட்டிச் செய்த பிரஷ்ஷால் பச்சை அடித்து, வடாம் காயும் பாயில் வைத்தார். காய்ந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அது அவசரக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. வண்டி என்றால் சாமி துணை இல்லாமல் எப்படி என்று கடைசியாகத் தம் ஊர்ச் சாமி பேரையும் எழுதினார். புஷ்பவள்ளிக்கு இந்தக் கலையில் மதிப்பு கிடையாது. "கொழம்புல வார்னிஷ் நாத்தம் அடிக்குது. நாப்பது வயசு ஆம்பள செய்யற வேலையா இது?" என்பார்.

செவ்வாயன்று வைத்திலிங்கம் அந்த மயிரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறிக் கடலூர் வந்தார். சமீபத்தில் கிளிப்பச்சை வாங்கியது யார் என்று பெயிண்ட் கடையில் விசாரித்தார். "அந்தப் பொம்மைக்கார ஆளா?" என்று கடைக்காரர் உடனே வழி சொல்லிவிட்டார். கதவைத் திறந்த புஷ்பவள்ளி, தோளில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"எம் முடிதான். கொட்டுது கொட்டுதுன்னு தெனம் சொல்றேனே, கேட்டீங்களா? எவ்ளோ கனமா கொட்டுது பாருங்க!"

சண்டை வரும் என்று காசிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வந்தவரோ தரையில் உட்கார்ந்துவிட்டார். "வியாழக்கிழம பத்து மணிக்கு மொதலாளி சிற்றம்பலம் காயலான் கடைக்காரனக் கூட்டிக்கினு வராரு, சார். நான் அதுலதான் ஓட்டறேன், அதுலதான் தூங்கறேன். வேற வூடு எனக்கில்ல. பெயிண்டு வந்த மாதிரி ஒரு எஞ்சினும் வரட்டும், செஞ்சி குடுங்க."

காசிநாதன் பொம்மையைத் திருப்பிக் காட்டினார். "இதுல எஞ்சினே கெடையாதுப்பா. கையால உருட்டினாத்தான் ஓடும்."

"அப்ப உருட்டுங்க, சார்," என்றார் வைத்திலிங்கம். அப்படியே முடிவாயிற்று. கண்ணாடியின் ஓரத்தில் இருந்த காலி இடத்தில் நடராசர் பேரும் ஏறியது.

வியாழன் விடியலில் கப்பல் வந்துவிட்டது. குமாஸ்தா துறைமுகத்துக்குப் போகாமல் முடியாது. "பத்து மணிக்கு நீ உருட்டிடு," என்றார் காசிநாதன்.

"நானா? அந்தக் கூத்துக்கு வேற ஆளப் பாருங்க."

அவர் போய்விட்டார். சிதம்பரத்தில் சிற்றம்பலம் வந்து நின்றார். காயலான் கடை ஆள் வண்டியின் மூக்கில் கயிறு கட்டினான். வைத்திலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கடலூரில் மணி பத்தடித்தது. புஷ்பவள்ளி அடுப்பைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து "வூடில்லன்னு சொன்னானே பாவி" என்று முணுமுணுத்தார். எழுந்து தெருக்கதவைத் தாழிட்டார், ஜன்னலைச் சாத்தினார், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டு வண்டியைத் தள்ளினார்.

கீழவீதியில் டாக்சி கயிற்றை அறுத்துக்கொண்டு வழுக்கிப் போயிற்று. முதலில் சத்தமே இல்லை. சத்தமில்லாத வண்டி என்ன வண்டி என்று புஷ்பவள்ளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். பானெட்டுக்குள்ளிருந்து "டுர்ர்ர்ர்" என்று ஒரு பெண்குரல் கிளம்பியது. சமையலறையின் நான்கு மூலையும் அவர் சுற்றிவர, வண்டி நான்கு வீதியும் சுற்றியது. மேலவீதி முனையில் மாடு குறுக்கே வந்தபோது வைத்திலிங்கம் ஹாரனை அழுத்தினார். "பீப்... பீப்... ஓரம் போ சனியனே!" என்றது ஹாரன். மாடு ஓரம் போயிற்று. வண்டி முதலாளியின் காலடியில் வந்து நின்றது.

சிற்றம்பலம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "எஞ்சின் சத்தம் எங்க வூட்டு அண்ணி கொரலாட்டம் இருக்குதே?"

"அதான் மொதலாளி இவ்ளோ நல்லா ஓடுது."

காயலான் கடை ஆள் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அதற்குப்பின் அந்த டாக்சி பல வருஷம் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பெட்ரோல் இல்லாமல் ஓடியது. வைத்திலிங்கம் அதிலேயே தூங்கினார். தைப்பூசத்தன்று வடலூர் வரை போகும். அன்று புஷ்பவள்ளிக்கு முட்டி வலிக்கும் என்று காசிநாதன் உருட்டுவார், வண்டி குலுங்கும், ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். நானும் ஒரு நாள் வெட்கத்தை விட்டு ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி சட்டென்று நின்றது. என் பக்கத்திலிருந்த பட்டணத்து ஆள் பதறிப்போய் என்ன கோளாறு என்று கேட்டார். முன்சீட்டுக் கிழவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "பால் பொங்கியிருக்கும். எறக்கி வச்சிட்டு வந்துடுவாங்க, ஒக்காருங்க."