ஞானத்தாய் கிடைச்சாச்சு

தையல்காரியின் மகள் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றாள். அன்றிலிருந்து கோவிலில் இவர்கள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. கூட்டம் பிதுங்கி வழிந்தாலும் கால் கடுக்க நிற்பார்களே தவிர, பக்கத்தில் வரமாட்டார்கள். அவ்வளவு பக்தி அவர்களுக்கு.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியாருக்கு மறுப்பில்லை. ஆனால் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நிற்க இந்தச் சபையிலிருந்தே ஒருத்தி வரவேண்டும் என்றார். தையல்காரி ஏறாத வாசல்படி இல்லை. எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து இடுப்பு வலி. கடைசியில் சொந்த அக்காதான் சரியென்றாள். மாதர் சங்கத் தலைவி அவள். போன வாரம்கூட மைக்கைப் பிடித்துப் பிறரன்பைப் பற்றி உருகு உருகென்று உருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோவில் வாசலில் வைத்து அக்கா பின்வாங்கினாள்.

"சங்கத்துல ஒரு மாதிரி பேசிக்கிறாங்கடி. அப்பன் யாருன்னே தெரியாத பிள்ளைக்கு நான் எப்படி நிக்கிறது? என் மானம் போயிடும்."

"பச்சைப்பிள்ளை உனக்கு என்னக்கா பண்ணிச்சு?"

அக்கா உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

பூசை முடிந்த கையோடு ஞானஸ்நானம். ஞானத்தாய் இல்லையென்றால் அதுவும் இல்லை. "வீட்டுக்குப் போயிடலாம்மா" என்று மகள் கண் கலங்கினாள். தையல்காரி அசையவில்லை.

பூசை நடுவே, பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. கோவிலெங்கும் சிரிப்பும் கைகுலுக்கலுமாக இருந்தது. இவர்கள் பக்கம் ஒருத்தர் திரும்பவேண்டுமே, ம்ஹும். தையல்காரி மகள் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வரிசை வரிசையாகப் போனாள். ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று, "சமாதானம்" என்று கையை நீட்டினாள். பதிலுக்குக் கை வரும்வரை நகரவில்லை. அத்தனை பேருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தவள் அவள். தெரியாதவள் மாதிரி நடிக்கவும் வழியில்லை. முனகிக்கொண்டே கை கொடுத்தார்கள். சாமியார் பீடத்தில் காத்து நின்றார்.

அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டாள்.

"சமாதானம், அக்கா."

"போய் உக்காருடி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கணும்னுதான் வந்தேன். நீ கை குடுக்க வேணாம். இந்தா."

பிள்ளையை அக்காவின் மார்போடு சேர்த்து வைத்து, பிடியைத் தளர்த்தினாள். அக்கா பதறி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். தையல்காரி ஓர் எட்டு பின்னால் நகர்ந்தாள்.

"வாங்கிக்கடி. கீழ போட்டுருவேன்" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"போடு. மைக்குல சொன்ன அன்பு எவ்வளவுன்னு இவங்களுக்கும் தெரியட்டும்."

பிள்ளை அக்காவின் கழுத்தில் தொங்கிய சங்கப் பதக்கத்தைப் பிடித்திழுத்து வாயில் வைத்துச் சப்பியது. அக்காவின் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. ஆனால் பிள்ளையின் தலை சாயாதபடி முழங்கையை உயர்த்திக்கொண்டாள்.

தையல்காரி பீடத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாமி, ஞானத்தாய் கிடைச்சாச்சு. நீங்க பூசையை முடிங்க."