விருந்தாளிக்கு ஒரு விளக்கம்

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் மச்சான் வந்தார். மழை முடிந்து, வெயில் முடிந்து, மறுபடி மழையும் வந்துவிட்டது. மச்சான் போனபாடில்லை.

அகராதிக்காரருக்கு மண்டை காய்ந்தது. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதுவது அவர் வேலை. மாடி அறையில் தாளும் புத்தகமுமாக ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர், அந்த அறையை மனைவியின் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுதிக்கொண்டிருந்தார்.

மச்சானைக் குறை சொல்லவும் வழியில்லை, அதுதான் கொடுமை. வேலை போய், பெண்டாட்டியும் பிரிந்து போய், ஒரே ஒரு பெட்டியோடு வந்து நின்ற மனுஷர். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார். "மாப்ளே, ஃபேன் போட்டுக்கட்டுமா?" "மாப்ளே, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?" சண்டை போடலாமென்றால் பிடி கொடுத்தால்தானே!

இத்தனைக்கும் அது மச்சான் பிறந்து வளர்ந்த வீடு. கடைசிக் காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட மகளுக்கே வீட்டை எழுதி வைத்துவிட்டார் அவர்களுடைய அப்பா. மச்சான் அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அகராதிக்காரருக்கு இதெல்லாம் வசதியாக மறந்து போயிருந்தது.

"உங்கண்ணன்கிட்ட நீயே பக்குவமா சொல்லேன்" என்றார் மனைவியிடம்.

"நான் ஏன் சொல்லணும்? உங்களுக்கு வாய் இல்லையா?"

சரி, இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினார். அன்றைக்குப் பார்த்து அவர் கைக்கு வந்த சொல் 'கெஸ்ட்'. கெஸ்ட் ஹவுஸ், சீஃப் கெஸ்ட், பேயிங் கெஸ்ட் எல்லாம் எழுதியாயிற்று. வருஷக்கணக்கில் பாடம் நடத்தியும் கெஸ்ட் லெக்சரராகவே காலம் தள்ளுகிற பாவப்பட்டவர்களையும் ஓர் ஓரத்தில் சேர்த்தார். பிறகு சொல் பிறந்த கதையைப் புரட்டினார். விருந்தாளியான கெஸ்ட்டும், விருந்தாளியை வரவேற்கிற ஹோஸ்ட்டும் ஒரே பழைய வேரில் முளைத்தவை. அந்நியன் என்ற பொருளும் அந்த வேருக்கு உண்டு. பகைமையைச் சொல்லும் 'ஹாஸ்டைல்' கூட அதன் வாரிசுதான். அகராதிக்காரருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. இதை வைத்தே பேச்சை ஆரம்பிக்கலாம்.

"கெஸ்ட்டும் எதிரியும் ஒரே குடும்பமாம் மச்சான்" என்று சாப்பாட்டுக்கு நடுவில் எடுத்துவிட்டார்.

மச்சானுக்குக் குத்தல் புரியாமலில்லை. "வீட்டுக்காரரும் அதே குடும்பமா மாப்ளே?"

"ஆமா, அவரும்தான். அது வந்து, நான் என்ன கேக்க வந்தேன்னா..."

கரண்ட் போய்விட்டது.

கும்மிருட்டு. அகராதிக்காரர் எழுந்த வேகத்தில் முழங்காலை மேஜையில் இடித்துக்கொண்டு "டார்ச் எங்க வச்சே?" என்று மனைவி மேல் எரிந்து விழுந்தார். அதற்குள் மச்சானின் காலடிச் சத்தம் எதிலும் தடுக்காமல் கூடத்தைக் கடந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகைக் கதவு திறக்கும் ஓசை. மழையில் விழுந்துவிட்ட மெயின் ஸ்விட்சை 'டக்' என்று தூக்கிவிட்டார். வெளிச்சம் வந்தது.

"மன்னிச்சுக்குங்க மாப்ளே, கேக்காமத் தொறந்துட்டேன்" என்றார் மச்சான். "நீங்க கேக்க வந்ததும் தெரியும். நாளைக்குக் காலையில நான் கிளம்பிடறேன்."

அகராதிக்காரருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் குடியிருந்தும் தான் தட்டுத்தடுமாறும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மனிதர், கதவைத் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பின்கதவைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், இங்க வாங்களேன். மழை பெஞ்சா இது தொறக்கவே மாட்டேங்குது. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து மல்லுக்கட்டறேன். உங்கப்பா எப்படித் தொறப்பாரு?"

மச்சான் கொஞ்சம் தயங்கினார். பிறகு வந்து, கைப்பிடியை லேசாகத் தூக்கி, கீழே காலால் ஒரு தட்டு தட்டினார். கதவு திறந்து ஈரக்காற்று உள்ளே வந்தது. கைப்பிடியை விடாமலே மச்சான் தேம்பித் தேம்பி அழுதார். தங்கை ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பெட்டியத் தூக்கினா, அடுத்து உங்க தங்கச்சி என் பெட்டியத் தூக்கி வெளியில வச்சிருவா மச்சான்" என்றார் அகராதிக்காரர். "எனக்கும் போக இடமில்ல. இருங்க."