ரத்தசோகை என்று சொல்லப்பட்ட நோய்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில், ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில். ஒரு பெண் தன் அப்பாவிடம் "வெறும் ரத்தசோகைதான்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். நான் கண்டது அவ்வளவே. மற்றதெல்லாம் கற்பனை.

"எழுபத்துமூன்று வயதான ஸ்தாமென்..." என்று தொடங்கினேன். வயதைச் சொன்னவுடனே வாசகர் அவரை அடக்கம் செய்துவிடுகிறார். வேண்டாம். இப்படித் தொடங்கலாம்:

ஸ்தாமெனுக்கு வந்திருப்பது ரத்தப் புற்று என்பது வார்டில் எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர.

(டாக்டர்கள் நோயின் பெயரைப் பிள்ளைகளிடம் மட்டும் சொல்வதும், பிள்ளைகள் அதை விழுங்கிவிடுவதும் இங்கே பல வீடுகளில் இன்னும் நடப்பதுதான்.)

2

டாக்டர் தென்சேவா மகள் ஸ்லாட்காவை உள்ளே அழைத்தார். வழி இரண்டு. கடுமையான மருந்து கொடுத்தால் நோய் முழுதாக அடங்கலாம்; அவருடைய பலவீனமான இதயம் தாங்காமல் முதல் மாதத்திலேயே ஆளைக் கொண்டுபோகவும் செய்யலாம். மென்மையான மருந்தென்றால் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கலாம். சில மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வருடம், மிஞ்சியும் போகலாம். குணம் என்று சொல்ல முடியாது.

"உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"அவரையே கேட்டிருப்பேன். உடம்பு அவரோடதும்மா."

"தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவார்."

"இப்ப மட்டும் நின்னுக்கிட்டா இருக்கார்?"

(இந்த வரி கொடுமை. வெட்டிப் பார்த்தேன். டாக்டர் டாக்டராக இல்லாமல் போனார்.)

3

ஸ்லாட்கா ஒரு நடுவழி கண்டாள்: நோயைச் சொல்லாமல் மருந்தை மட்டும் கேட்பது.

"அப்பா, ரத்தசோகைக்கு ரெண்டு மருந்தாம். ஒண்ணு கடுமையானது. இன்னொண்ணு லேசானது, இழுத்துக்கிட்டே போகும்."

ஸ்தாமென் தயிர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இதுல கேக்க என்ன இருக்கு? கடுமையானதையே போடச் சொல்லு. பிளம் பழமெல்லாம் பீப்பாயில புளிச்சுக் கிடக்கு. ஊர்ச் சாராய அடுப்புல காய்ச்சுற முறை நமக்கு வரப்போகுது. உன் புருஷன்கிட்ட விட்டா சாராயமா வரும்? காடிதான் வரும்."

"பாத்துப்பா, தாங்குமா உனக்கு?"

"ரத்தசோகைக்கு லேசான மருந்து கேக்க நான் என்ன கர்ப்பிணியா?"

வார்டே சிரித்தது. ஸ்லாட்காவும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் மட்டும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அவருக்குத் தன் நோயின் பெயர் தெரியும்.

4

முடிவு ஒன்று: ஸ்லாட்கா உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அப்போது ஸ்தாமெனின் முகம்... எழுத வரவில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கடுமையான மருந்து ஏறுகிறது. மூன்றாம் வாரம் காய்ச்சல் கண்டு... (இதை முடிக்க மாட்டேன்.)

முடிவு மூன்று: மென்மையான மருந்தை ஏற்றச் செய்து, "இதுதாம்பா கடுமையானது" என்கிறாள். அவர் ஒவ்வொரு மாதமும் "இன்னுமா சரியாகல?" என்று கேட்கிறார், ஒவ்வொரு மாதமும் அவள் ஒரு பதில் தேடுகிறாள்.

அவருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்று எழுதலாமே என்கிறார் இதைப் படித்த நண்பர் ஒருவர். ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்குத் தெரியாது. இந்தக் கதையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

5

டாக்டர் கட்டிலருகே வந்து நிற்கிறார். ஸ்தாமென் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மகளைப் பார்க்கிறார்.

"கடுமையானதுதானேம்மா சொல்லியிருக்கே?"

நான் அவளுக்கு எழுதிக்கொடுத்த பதில்கள் எல்லாம் மேலே அந்த மூன்று முடிவுகளில் கிடக்கின்றன. ஒன்றுகூட அவள் வாயில் நிற்கவில்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்தால்... பார்த்து, மெதுவாகச் சொல்லுங்கள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.