இரண்டு ஸ்பூன் உப்பு

காலை ஏழு மணிக்கே ரெட்டையின் பாட்டிலில் கால்வாசி எச்சில் சேர்ந்திருந்தது. துப்பித் துப்பி வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பளு தூக்குதல், மல்யுத்தம் இரண்டிலுமே நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் முகாமில் எல்லோருக்கும் அவள் ரெட்டை. பளுவுக்கு உடம்பு ஏற வேண்டும். மல்யுத்தத்துக்கு இறங்க வேண்டும். ஒரே உடம்பை வருஷத்துக்கு இரண்டு முறை ஏற்றி ஏற்றி இறக்கினாள். இன்று உலகப் போட்டிக்கான மல்யுத்தத் தேர்வு. எட்டு மணிக்குள் ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் போகாமல் தராசில் நின்றாக வேண்டும். நான்கு நாளாக உப்பில்லை. நேற்று மாலையிலிருந்து தண்ணீரில்லை. பிளாஸ்டிக் கோட்டுக்குள் வேர்வை புளித்து நாறியது. தன் வாடையே தனக்குக் குமட்டியது.

நடைபாதையில் வைத்திருந்த ஒத்திகைத் தராசில் ஏறினாள்.

"எவ்வளவு கண்ணு?" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. பத்து வயதில் அவளுக்குப் பளுவைத் தொடக் கற்றுக்கொடுத்தவர். இன்றும் அவளுடைய பளு கோச்.

"முந்நூறு கிராம் கூட, மாமா."

"முந்நூறுதானா?"

அந்தக் குரலில் ஆறுதல் இல்லை. ஏமாற்றம் இருந்தது. ரெட்டை தராசிலிருந்து இறங்காமலே அவரைப் பார்த்தாள். நேற்று மதியம் அவர் கொண்டுவந்த சூப் நினைவுக்கு வந்தது. 'கரிக்குதே மாமா' என்றதற்கு, 'நாலு நாளா உப்பே காணாத நாக்குக்குப் பச்சத்தண்ணிகூடக் கரிக்கும்' என்று சிரித்திருந்தார்.

"சூப்புல உப்பு போட்டீங்களா?"

மாமா சலவைக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ஸ்பூன்தான். உடம்புல தண்ணி நிக்கட்டும்னுதான். உன் நல்லதுக்குத்தாண்டா கண்ணு. எவளோடயோ கட்டிப் புரண்டு தோளை உடைச்சுக்கிட்டு வந்தா, நான் பத்து வருஷமா வளர்த்தது என்னாகும்?"

ரெட்டை ஓடிப்போய்க் கழிவறைத் தொட்டியில் குனிந்தாள். வர ஒன்றுமில்லை, மஞ்சளாகக் கசப்பு மட்டும் வந்தது. எச்சில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் அவளுக்குக் கூச்சம் இருந்ததில்லை. இப்போதோ, தோலுக்கடியில் தேங்கி நின்ற அந்தத் தண்ணீரை நினைத்தாலே உடம்பைக் கழற்றி எறியலாம் போலிருந்தது.

"ஏய் ரெட்டை, செத்துட்டியா?" வாசலில் நின்றவளை முகாமில் பூனை என்பார்கள். மல்யுத்தத்தில் அதே எடைப் பிரிவு. ரெட்டை எடையில் தோற்றால் பூனைக்கு வழி திறந்துவிடும்.

ரெட்டை சொன்னாள். எல்லாவற்றையும்.

"சீ," என்றாள் பூனை. பிறகு பையைத் துழாவிப் புளிப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து அவள் வாயில் திணித்தாள். "சப்பு. முழுங்கினே, கொன்னுடுவேன். துப்பு."

பாட்டிலைத் தானே பிடித்துக்கொண்டாள். கையில் வழிந்ததைக் கால்சட்டையில் துடைத்தாள். மாடிப்படியில் இருபது தடவை அவளோடு ஏறி இறங்கினாள். கடைசியில், முடியின் கனத்தையும் குறைக்கக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"நீ வரலேன்னா உனக்குத்தானே லாபம்?"

"தராசுல உன்னை ஜெயிச்சேன்னு எங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லவா? தலையைக் குனிடி."

பின்னல் காது வரை போயிற்று.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது அதிகாரியின் தராசு ஐம்பத்தாறு கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம் காட்டியது.

வெளியே மாமா தண்ணீர் பாட்டிலோடு நின்றார். கண் கலங்கியிருந்தது. "குடி கண்ணு. நாக்கு வறண்டிருக்கும்."

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

அவர் கை இறங்கியது. மூடி திறக்காத பாட்டில்தான். அவளுக்கும் அது தெரிந்தது. இருந்தும் கை நீளவில்லை. 'சாமி, இந்த அருவருப்பை எடுத்துடு. இன்னிக்கு முடியலேன்னாலும் என்னிக்காவது. அவர் என் மாமா' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

தன் எடையையும் காட்டி முடித்துவிட்டு வந்த பூனை, தான் பாதி குடித்த பாட்டிலை நீட்டினாள். பாட்டிலின் வாயில் மிட்டாய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

ரெட்டை அதைத் துடைக்காமல் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"மெதுவாடி," என்றாள் பூனை. "பத்து மணிக்கு உன்னைத் தூக்கிப் போட வேண்டியவ நான்."